கொசுவுக்கு வயது பார்ப்பவர்கள்

(மருத்துவப் பூச்சியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அம்மா, கொசு ஆராய்ச்சி என்றால் தினமும் என்னதான் செய்வீர்கள்? கொசுவை எண்ணுவதா? (கல்லூரி மாணவி, திருவண்ணாமலை)

எண்ணுவதும் உண்டு, மகளே. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காக விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்தில் மாட்டுத் தொழுவத்தில் நிற்போம். ஒரு கையில் டார்ச், மறு கையில் ரப்பர் குழாய் செருகிய கண்ணாடிக் குழாய். மாட்டின் மேலும் கூரை ஓலையிலும் உட்கார்ந்திருக்கும் கொசுவை வாயால் உறிஞ்சிக் குழாய்க்குள் இழுப்போம். நடுவில் வலைத்துணி இருப்பதால் வாய்க்குள் போகாது. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடிக்கிறார் என்பதுதான் கணக்கு. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும் வாரங்களில் அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து எந்த ஊருக்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. கொசுவின் வயது தெரிய வேண்டும். பெண் கொசுவின் சூலகத்தைப் பிரித்து, ஒரு சொட்டு நீரில் வைத்து உலரவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அதன் மேல் படர்ந்த மெல்லிய மூச்சுக்குழல்கள் நுனியில் சுருண்டிருந்தால் அது இன்னும் முட்டையிடாத கொசு. சுருள் பிரிந்து நீண்டிருந்தால் ஒருமுறையாவது இட்டிருக்கிறது. இது சோவியத் பூச்சியியலாளர் டெட்டினோவா பரவலாக்கிய முறை. எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகப் பிடித்த வேலையும் இதுதான்.

வயது ஏன் முக்கியம்? கிருமியை வாங்கிய கொசு அன்றே அதைப் பரப்பிவிடாது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேரச் சுமார் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் கொசு செத்துவிட்டால் நோயும் அதோடு நின்றது. 100 கொசுவில் தினமும் பத்து சதவீதம் செத்தால் பத்தாம் நாள் சுமார் 35 மிஞ்சும். இருபது சதவீதம் செத்தால் மிஞ்சுவது 11 மட்டுமே. எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, அவற்றின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலே போதும். வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதும் மருந்து ஏற்றிய கொசுவலை கட்டுவதும் இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் தெருவில் மாடுகள் அதிகம். மூளைக்காய்ச்சல் வருமா? (குடும்பத்தலைவி, கடலூர்)

மாட்டிடமிருந்து கொசுவுக்கு அந்த வைரஸ் போகாது. பன்றியும் கொக்கு வகைப் பறவைகளும்தான் அதைப் பெருக்குபவை. மாடு கொசுவுக்கு இரை, அவ்வளவுதான். நோய் கண்ட குழந்தையைக் கடித்த கொசுவாலும் அடுத்தவருக்கு வராது. அந்தக் குழந்தையை ஒதுக்கிவைப்பது கொடுமை. இந்தியாவில் இந்நோய் முதலில் அறியப்பட்டது 1955இல், நம் வேலூர்ப் பகுதியில். நோயுள்ள மாவட்டங்களில் அரசு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது: ஒன்பது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. இரண்டாவதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: உங்களுக்கு முன்மாதிரியாக இருந்த விஞ்ஞானி யார்? (ஆசிரியர், ஊட்டி)

ரொனால்ட் ராஸ், மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று நிரூபித்தவர். உங்கள் ஊருக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1897இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், மலேரியாவைத் தேடி சீகூர் மலைப்பாதைக்கு இறங்கிப்போய் அதே மலேரியாவில் படுத்தார். இறகில் புள்ளியுள்ள கொசுவை அவர் கவனித்ததும் அங்கேதான்.

பிறகு செகந்திராபாத். ஆகஸ்ட் வெயில். பங்கா (கயிறு கட்டி இழுக்கும் துணி விசிறி) போட்டால் பிரித்துவைத்த கொசு பறந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். வியர்வையில் மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கடிக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா வாங்கிக்கொண்டு உடம்பைக் கொடுத்தார். ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமிக்கே உரிய கருந்துகள் கொண்ட செல்கள் தெரிந்தன. மறுநாள் பிரித்த கொசுவில் அவை இன்னும் பெரிதாக இருந்தன. அந்த இரண்டாவது கொசுதான் எனக்கு முக்கியம். ஒருநாள் கூடியிருக்கிறது, செல்லும் வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் கொசுவுக்குள் உயிரோடு ஏதோ வளர்கிறது.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து, கிருமி உமிழ்நீர்ச் சுரப்பி வரை போவதைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு. கல்கத்தாவில் அவரோடு பாடுபட்டவர் முகமது பக்ஸ். அவர் பெயரும் ஹுசேன் கான் பெயரும் பாடப்புத்தகத்தில் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆசிரியரான நீங்கள் வகுப்பிலாவது சொல்லுங்கள்.

கேள்வி: இந்தத் துறைக்கு வர எங்கே படிக்கலாம்? (பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர், சிதம்பரம்)

தம்பி, பக்கத்திலேயே இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பு அங்கே உண்டு. சேருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுத் தொட்டியில் நெளியும் புழுக்களை ஒரு பாட்டிலில் எடுத்து வலைத்துணியால் மூடிவைத்து, எத்தனையாம் நாள் கூட்டுப்புழு, எத்தனையாம் நாள் கொசு என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். வெளிவந்த கொசுவைப் பறக்கவிடாமல் கொன்றுவிடுங்கள். தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.