லேஸ் துண்டும் தூக்குக் கயிறும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாளிலிருந்து தீவிர இலக்கியம்தான் படித்துவந்தேன். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அதெல்லாம் உள்ளே போகவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதெல்லாம் சரித்திரத் துப்பறியும் கதைகள், குற்றக்கதைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தில் நடக்கும் ஜார்ஜெட் ஹேயரின் ரீஜென்சி காதல் நாவல்கள். வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், "பரவாயில்லை, மூளைக்கும் லீவு வேண்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

இது வெறும் தப்பித்தல்தானா? என் ரசனை இறங்கிவிட்டதா? சுத்தமான புத்தகங்கள், யாரையும் கெடுக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று: துப்பறியும் காட்ஃபெல் துறவி வரும் கதைகளை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? இந்த நாவல்களின் டிவி தொடர்களைப் பார்த்தால் போதுமா?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் "நீ சாப்பிட்டாயா" என்று கேட்பதில்லை. மாத்திரைக்கும் கஞ்சிக்கும் நடுவில் கிடைக்கிற அரைமணி நேரத்தில் நீங்கள் எதைப் படித்தாலும் அது உங்கள் உரிமை.

ஆனால் நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களைத் தூக்கி நிறுத்துகிற புத்தகத்தை ஒருவர் நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுகிறார், நீங்கள் அவருக்குத் துணை போகிறீர்கள். அந்த நண்பர் ஹேயரை ஒரு பக்கமாவது படித்தாரா என்று கேட்டிருக்க வேண்டாமா?

டிவி தொடர் பற்றிய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உடை நன்றாக இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் குடும்பத்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம். 1799 ஆகஸ்ட் மாதம், இங்கிலாந்தின் பாத் நகரம். ஜேனின் தாய்மாமன் மனைவி ஜேன் லீ-பெரோ ஒரு கடையில் கறுப்பு லேஸ் வாங்குகிறார். காசு கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார். கொஞ்ச நேரத்தில் அந்தம்மாவும் கணவரும் கடை வழியாகத் திரும்பி வரும்போது கடைக்காரி தெருவுக்கு வந்து மறிக்கிறாள். பொட்டலத்தில் வெள்ளை லேஸும் இருக்கிறதா என்று கேட்கிறாள். பிரித்தால், இருக்கிறது! கடைப்பையன் தவறுதலாக வைத்திருப்பான் என்கிறார் லீ-பெரோ. சில நாளில் கைது.

அந்த வெள்ளை லேஸின் மதிப்பு இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அன்றைய சட்டப்படி ஒரு ஷில்லிங்குக்கு மேல் திருடினாலே அது மரண தண்டனைக்குரிய குற்றம். நடைமுறையில் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள், 14 வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியிருப்பார்கள். வசதியான வீட்டுப் பெண், ஐம்பதைத் தாண்டிய வயது. விசாரணை வரும்வரை ஏழு மாதத்துக்கு மேல் இல்செஸ்டரில் ஜெயிலர் வீட்டிலேயே காவலில் இருந்தார். கணவரும் கூடவே போய் இருந்தார். அங்கிருந்து அந்தம்மா எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம் வருகிறது. ஜெயிலரின் மனைவி வெங்காயம் ஒட்டிய கத்தியை நாக்கால் நக்கிச் சுத்தம் செய்து, அதே கத்தியால் இவருக்குப் பரிமாறுவாளாம். ஜேன் ஆஸ்டினின் அம்மா தன் இரண்டு பெண்களையும் துணைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். சின்னப் பெண்கள் வரக்கூடிய இடம் இதில்லை என்று மறுத்துவிட்டார் லீ-பெரோ. 1800 மார்ச்சில் டான்டன் நகரில் விசாரணை. இந்த மாதிரிக் குற்றத்தில் கைதிக்காக வக்கீல் ஜூரியிடம் எழுந்து வாதாட அன்று அனுமதி கிடையாது. அந்த உரிமை 1836இல்தான் வந்தது. அந்தம்மாவே எழுந்து நாலு வார்த்தை பேசினார். ஜூரிகள் கால் மணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

அப்போது ஜேனுக்கு 24 வயது. அந்த வருஷங்களில்தான் அவர் பாத் நகரில் நடக்கும் ஒரு நாவலை எழுதிக்கொண்டிருந்தார். பின்னால் 'நார்த்தாங்கர் அபே' என்று வெளிவந்தது அதுதான். அதன் நாயகி கேத்தரின் யார்? மர்ம நாவல் பைத்தியம்! பழைய மடாலயம் ஒன்றில் விருந்தாளியாகப் போய், வீட்டுக்காரர் ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகப்படுகிறாள். அலமாரியைத் துழாவுகிறாள், அறைக்கதவைத் திறக்கிறாள். கொலையெல்லாம் இல்லை என்று தெரிந்து வெட்கத்தில் கூனிக்குறுகுகிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நாவல் படிக்கிற பெண் புத்தி கெட்டுப்போவாள்" என்று ஆஸ்டின் சொல்வதாகப் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் புத்தகத்தை முக்கால்வாசியில் மூடியவர்கள். ஏனென்றால் அடுத்து என்ன நடக்கிறது? அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்த உடனே அதே ஜெனரல் அவளை விடிந்தும் விடியாமலும் வீட்டைவிட்டுத் துரத்துகிறார். துணைக்கு ஆள் கிடையாது. வழிச்செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றுகூட அவர் கேட்கவில்லை. ஜெனரலின் மகள்தான் கடைசி நிமிஷத்தில் கடன் கொடுக்கிறாள். கேத்தரின் சந்தேகப்பட்ட ஆள் சரியான ஆள்தான். குற்றம்தான் வேறு.

நான் பல வருஷமாகச் சொல்லிவருவது இதைத்தான். அலுத்தாலும் கேளுங்கள். ரீஜென்சி காதல் கதையும் குற்றக்கதையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றில் பிணம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, அவ்வளவுதான். இரண்டிலும் கேள்வி ஒன்றே: பணம் யார் கையில், சட்டம் யார் பக்கம், நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் எப்படி உயிரோடும் மானத்தோடும் வெளியே வருவது. ரீஜென்சி என்பது கண்டிப்பாகப் பார்த்தால் 1811 முதல் 1820 வரை, புத்தி பேதலித்த ராஜா மூன்றாம் ஜார்ஜுக்குப் பதிலாக மகன் ஆண்ட ஒன்பது வருஷம். அந்த முதல் வருஷத்தைப் பாருங்கள். அக்டோபர் கடைசியில் ஆஸ்டினின் முதல் நாவல் பெயர் போடாமல், 'ஒரு பெண்மணி எழுதியது' என்று வருகிறது. டிசம்பரில் அதே லண்டனில், ராட்கிளிஃப் நெடுஞ்சாலையில், மார் என்ற துணிக்கடைக்காரரும் மனைவியும் கைக்குழந்தையும் கடைப்பையனும் நள்ளிரவில் அடித்துக் கொல்லப்படுகிறார்கள். 12 நாள் கழித்துப் பக்கத்திலேயே இன்னும் மூன்று பேர். ஊருக்கென்று போலீஸே கிடையாது, அது 1829இல்தான் வந்தது. இருந்தவர்கள் விளக்கும் தடியும் வைத்துக்கொண்டு நேரம் கூவிக்கொண்டுபோகும் வயசான காவல்காரர்கள். பிடிபட்ட மாலுமி விசாரணைக்கு முன்பே சிறையில் தூக்கில் தொங்கினான். அவன்தான் குற்றவாளி என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் பிணத்தை வண்டியில் ஊர்வலம் விட்டு, நாற்சந்தியில் நெஞ்சில் கழி அறைந்து புதைத்தார்கள்.

இந்தக் காதல் நாவல்களில் வரும் நடன அரங்குகளுக்கும் இந்தத் தெருவுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். நல்ல ரீஜென்சி நாவலில் அந்தத் தெருவின் பயம் வாசற்படிவரை வந்து நிற்கும். கல்யாணம் ஆன மறுநிமிஷம் பெண்ணின் ரொக்கமெல்லாம் புருஷனுடையது. 21 வயசுக்குள் பெற்றோர் சம்மதமில்லாமல் தாலி கட்ட முடியாது, அதனால்தான் எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறார்கள். நிலமெல்லாம் ஆண்வாரிசுக்கு. இது எதுவும் இல்லாமல், அழகான கோட்டும் சூடான முத்தமுமாக வருகிற நாவல்கள் இன்று குவிகின்றன. திரும்பிய பக்கமெல்லாம் இளவயது டியூக், பிரபுக்களிலேயே உச்சப் பட்டம்! அரச குடும்பத்தைத் தள்ளிவிட்டால் அன்று நாடு முழுக்க டியூக்குகள் ஒரு முப்பது பேர் இருந்தால் அதிகம், அதில் கிழவர்கள் எத்தனை பேரோ. அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அலுவலகம் விட்டு வரும் வழியில் வாடகை நூலகத்தில் ஹேயர் எடுத்துவருவார். பின் அட்டையில் ஒட்டிய தாளில் தேதி முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, எதுவும் படிக்க முடியாது. பெண் பார்க்க வருவார்கள். பஜ்ஜி, காபி, எத்தனை பவுன் போடுவீர்கள், ஸ்கூட்டர் உண்டா. அவர்கள் போனதும் சித்தி புடவையைக்கூட மாற்றாமல் விட்ட பக்கத்திலிருந்து படிப்பார். "இந்தக் கருமத்தைப் படித்துப் படித்துத்தான் அவளுக்கு எந்த மாப்பிள்ளையும் பிடிக்கவில்லை" என்பார் பாட்டி. உண்மையில் மாப்பிள்ளைகளுக்குத்தான் எங்கள் வீட்டுப் பவுன் பிடிக்கவில்லை. ராத்திரி மொட்டைமாடியில் எங்களுக்குக் கதை சொல்லுவார். யாருக்கு வருஷத்துக்கு எவ்வளவு பவுண்டு வரும்படி, யாருக்குச் சூதாட்டக் கடன், எந்த அத்தை கையில் உயில் என்று கணக்கு வழக்கோடு சொல்லுவார். முத்தத்தைத் தாண்டிப் போய்விடுவார், கணக்கை ஒருநாளும் தாண்டியதில்லை. தன் வீட்டுக் கூடத்தில் நடக்கிற பேரத்தை ஒளிக்காமல் பேசிய புத்தகம் அவருக்கு அப்போது அது ஒன்றுதான் கிடைத்தது. அதில் அந்தப் பெண்கள் பேரத்துக்கு நடுவில் சிரித்தார்கள், எதிர்த்துப் பேசினார்கள், சிலசமயம் ஜெயித்தார்கள். இதையா தப்பித்தல் என்கிறீர்கள்?

சரி, தப்பித்தல் என்றே வைத்துக்கொள்வோம். ஹேயர் 1944இல், போர்க்காலத்தில், 'ஃப்ரைடேஸ் சைல்ட்' எழுதினார். வேறொருத்தி மறுத்துவிட்ட ஆத்திரத்தில் ஒரு இளம் பிரபு, ஆதரவில்லாத ஒரு பெண்ணை அவசரமாகக் கட்டிக்கொள்கிறான். லண்டன் வழக்கம் தெரியாத அவள் வம்புமேல் வம்பு இழுத்துவைக்கிறாள். பல வருஷம் கழித்து ருமேனியாவிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அரசியல் கைதியாக 12 வருஷம் சிறையில் இருந்த பெண் எழுதியது. அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லித்தான் தானும் உடன் இருந்தவர்களும் புத்தி பேதலிக்காமல் இருந்ததாக எழுதியிருந்தார். விளம்பரத்தையும் பேட்டியையும் வெறுத்த ஹேயர் அந்தக் கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். உங்கள் நண்பரின் மூளை லீவுக் கொள்கையை அந்தச் சிறை அறையில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

'சுத்தமான புத்தகங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஹேயர் 1950இல் எழுதிய 'தி கிராண்ட் சோஃபி'யில் வட்டிக்குக் கொடுக்கும் யூதர் ஒருவர் வருகிறார். அழுக்கு, பேராசை, அருவருப்பு என்று பழைய வெறுப்பையெல்லாம் கொட்டி வரைந்த உருவம். நாஜி முகாம்களின் கதவு திறந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு மன்னிப்புக் கிடையாது. நாவலில் மற்ற பகுதிகள் எவ்வளவு மின்னினாலும் அந்தப் பக்கங்களில் நிறுத்திக் கோபப்படுங்கள். பிடித்த எழுத்தாளரிடம் கோபப்படத் தெரியாதவர் அவரை முழுதாகப் படிக்கவில்லை.

காட்ஃபெல். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற பெயரில் எழுதிய ஈடித் பார்ஜட்டர் இளவயதில் மருந்துக்கடையில் உதவியாளராக இருந்தவர். ஷ்ரூஸ்பரி மடாலயத்தில் காட்ஃபெல் பார்த்துக்கொள்ளும் மூலிகைத் தோட்டத்தில் நிற்கும்போது அது உங்களுக்கே தெரியும். முதல் கதை சுமார்தான். இரண்டாவதிலிருந்து ஆரம்பியுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி'. 1138, உள்நாட்டுப் போர். கோட்டையைப் பிடித்த ஸ்டீஃபன் ராஜா எதிர்த்து நின்ற 94 பேரைத் தூக்கிலிடச் சொல்கிறார். பிணங்களைக் கழுவி அடக்கம் செய்யப் போன துறவி எண்ணிப் பார்க்கிறார், 95. யாரோ ஒருத்தன் தான் செய்த கொலையை ராஜா செய்த கொலைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்திருக்கிறான். "போரில் ஒன்று கூடக்குறைய இருக்கும், விடு" என்று எல்லோரும் சொல்லக்கூடிய இடத்தில் அந்தக் கிழவர் விடமாட்டேன் என்கிறார். அந்த 95ஆவது ஆளுக்குப் பெயர் வேண்டும், கொன்றவன் யார் என்று தெரிய வேண்டும். முந்நூறு பக்கம்கூட இல்லாத புத்தகம். அரசு செய்கிற கொலையைப் பற்றி இவ்வளவு நேராகக் கேட்ட இலக்கிய நாவல்கள் எத்தனை என்று உங்கள் வட்டத்தில் கேளுங்கள்.

கேளுங்கள் என்று சும்மா சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றி நீங்களே அரைமணி நேரம் பேசுங்கள். அப்பாவை விட்டுவிட்டுப் போக முடியாதென்றால் கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். அந்த நண்பரையும் புத்தகத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், பிரதி கிடைக்காவிட்டால் என்னிடம் இருப்பதை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா