பதில்: மே 18 சரிதான், கடிதங்களை மட்டும் வெயிலில் வைக்காதீர்கள்

உங்கள் அருங்காட்சியகத்தில் மூன்றே அறை, வருபவர்கள் இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், மே 18 அன்று பழைய கடிதங்களை வாசலில் மேசை போட்டு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதி அருமை. 1977 முதல் அது உலக அருங்காட்சியக நாள், அழைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடிதங்கள் வேண்டாம். காகிதம், துணி போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் பொதுவான வரம்பு. உச்சி வெயிலில் அது 50,000-ஐத் தாண்டும். வெளுத்த மை திரும்பி வராது. ஸ்கேன் எடுத்து அதே அளவில் அச்சிட்டு வையுங்கள், பிள்ளைகள் தாராளமாகத் தொடட்டும்.

என்னைக் கேட்டால் அவர்களுக்கு ஒரே ஒரு பொருள் போதும். பழைய பூட்டு இருந்தால் பாருங்கள்: சாவித்துளையைச் சுற்றிக் கீறல்கள் இருக்கும், இருட்டில் தடவித் தடவித் திறந்தவர் போட்டவை. அதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். விளக்க அட்டையை அன்று மறைத்துவிடுங்கள். அதைப் படித்ததும் பொருளைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம் (நானும்தான்).

பெரியவர்களுக்கு, ஆள் அடையாளம் தெரியாத புகைப்படங்களின் நகலைச் சுவரில் ஒட்டி, பென்சிலும் துண்டுச்சீட்டும் வையுங்கள். யார், எந்தத் தெரு என்று எழுதிவிட்டுப் போவார்கள். உங்கள் பதிவேட்டுக்கும் லாபம்.