தினைக்குருவியைத் துரத்தாமல் படம் எடுப்பது எப்படி?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “தை மாதம் மகளோடு போய்க் காட்டுப் பிஞ்ச் குருவிகளைப் பார்க்கவும் படம் எடுக்கவும் ஆசை. 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. ஆனால் கிட்டப் போனாலே கூட்டமாகப் பறந்துவிடுகின்றன. எங்கே போகலாம், என்ன செய்யலாம்?”

கூண்டில் வளர்க்கும் வரிப் பிஞ்ச் ஆஸ்திரேலியப் பறவை. அதன் குடும்பத்தைச் சேர்ந்த சில்லைகள், அதாவது தினைக்குருவிகள்தான் எங்கள் வெளிகளில் திரிபவை. முகமும் தொண்டையும் கபிலமாக, நெஞ்செல்லாம் செதில் செதிலாக இருந்தால் அது புள்ளிச் சில்லை. வெளிறிய உடம்பு, தடித்த நீலச்சாம்பல் அலகு, கூரான கறுத்த வால் என்றால் வெண்தொண்டைச் சில்லை. இது வறண்ட பற்றைகளை விரும்புவது. கோலமே இல்லாத வெறும் மண்நிறக் குருவிகளைக் கண்டால் குழம்ப வேண்டாம், பெரும்பாலும் புள்ளிச் சில்லையின் குஞ்சுகள்.

உங்களுக்குக் கிட்ட என்றால் வழுக்கையாறு கடலேரியைச் சேரும் அராலிப் பக்கம். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் வல்லை வெளி. இடத்தைவிட முக்கியம் புல். கதிர் முற்றி விதை நிற்கும் வரம்போரத்தைக் கண்டுபிடியுங்கள். கூட்டம் கலைந்தாலும் பின்னால் ஓடாதீர்கள். விதை அங்கேதானே நிற்கிறது, சற்று நேரத்தில் திரும்பி வரும்.

அப்புறம் காற்று. பலரும் இதைக் கவனிப்பதில்லை. சிறு பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே இறங்கும், உட்காரும். தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே காலையில் புல்லுக்குக் கிழக்கே, சூரியனை முதுகில் வாங்கி உட்கார்ந்தால், வெளிச்சமும் பறவையின் முகமும் ஒன்றாகக் கிடைக்கும். மாலையில் மேற்கே நின்றால் வால்தான் கிடைக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காலத்தில் இது அப்படியே தலைகீழ்.

11 சென்ரிமீற்றர் பறவைக்கு 300 மி.மீ. சின்ன லென்ஸ்தான். ஆறேழு மீற்றருக்குள் அது வரவேண்டும். காரையோ ஆட்டோவையோ ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே எடுங்கள். மனிதன் நடந்து வந்தால் பயப்படும் குருவி வாகனத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. சில்லை மெல்லிய தண்டில் தொற்றியதும் தண்டு வளைந்து ஆடும், குருவியும் வாலை வெட்டி வெட்டி அசைக்கும். ஆகவே ஷட்டர் வேகம் 1/1000 வினாடிக்குக் குறையக் கூடாது. ஃபோக்கஸ் ஒற்றைப் புள்ளியில், கண்ணின் மேல்.

இராணுவ முகாம்கள் இருக்கும் பக்கம் லென்ஸைத் திருப்ப வேண்டாம். மிதிவெடிப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்கவே வேண்டாம்.

வழியில் பனைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். தூர நின்றே எடுங்கள், படத்துக்காக ஓலையை ஒதுக்கவோ வெட்டவோ வேண்டாம். மகள் ஆசைப்பட்டாலும் பழைய கூட்டைப் பிடுங்கிக் கொடுக்காதீர்கள். கைவிட்ட கூடு போலத் தெரிந்தாலும் வெண்தொண்டைச் சில்லைகள் அதற்குள் தங்கும், முட்டையும் இடும்.