பெட்ரோல் போட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? கேனிஸ்டர் மாத்துறதுக்கு முன்னாடி பர்ஜ் வால்வைப் பாருங்க

கேள்வி: அண்ணா, என்னோடது 2021 மாடல் பெட்ரோல் கார். செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேன்ல பி0441னு எரர் கோடு வந்துச்சு, பெட்ரோல் ஆவி இன்ஜினுக்குப் போறது சரியில்லன்னு அர்த்தமாம். பங்க்ல பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் பண்ணா ரொம்ப நேரம் சுத்துது, மத்த நேரம் நார்மல். சர்வீஸ் சென்டர்ல கேனிஸ்டர், ஃப்யூல் பம்ப் ரெண்டையும் மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. பம்ப் வீக்கா இருந்தா காலைலயும் மக்கர் பண்ணும், மேட்டுல ஏறும்போதும் இழுக்காது, பெட்ரோல் போட்டதும் மட்டும் பண்ணாது.

டேங்க்ல கிளம்புற பெட்ரோல் ஆவிய வெளில விடாம கரி நெறஞ்ச ஒரு டப்பா புடிச்சு வெச்சுக்கும், அதான் கேனிஸ்டர். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவிய இன்ஜினுக்கு அனுப்பும், கரண்ட் இல்லாதப்போ மூடியே இருக்கணும். அது திறந்தபடியே மாட்டிக்கிச்சுன்னா பெட்ரோல் ஊத்துறப்போ கிளம்புற ஆவி இன்டேக்குக்கு, அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழிக்குப் போயி, ஸ்டார்ட் பண்ணும்போது பெட்ரோல் ஜாஸ்தி காத்து கம்மின்னு ஆயிடும். ஆக்சிலரேட்டர லேசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணா புடிச்சுக்குதான்னு பாருங்க, புடிச்சா பெரும்பாலும் இந்த வால்வுதான்.

மெக்கானிக்க ஒரு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. இன்ஜின் ஐடில்ல ஓடும்போது வால்வோட கனெக்டர கழட்டிட்டு, கேனிஸ்டர்லேர்ந்து வர்ற ஹோஸ உருவிட்டு, வால்வோட அந்த வாய்ல விரல் வைக்கணும். விரல இழுத்துச்சுன்னா வால்வு போச்சு. அஞ்சு நிமிஷ வேல, இத கூட பண்ணாம பெரிய பார்ட்டா எழுதித் தர்றாங்க, கேட்டா கம்பெனி ப்ரொசீஜர்ங்கறாங்க!

ஒரு விஷயம் மட்டும் கவனமா பாக்கணும். கழட்டின வால்வ வெள்ளப் பேப்பர்ல தட்டிப் பாருங்க. கருப்பா பொடிப்பொடியா கரி கொட்டுச்சுன்னா கேனிஸ்டர் உள்ள உடைஞ்சிருக்கு, அப்ப சர்வீஸ் சென்டர் சொன்னதுல பாதி சரி, கேனிஸ்டரும் மாத்தித்தான் ஆகணும், ஹோஸையும் ஊதி கிளீன் பண்ணணும். இல்லன்னா அதே கரி போயி புது வால்வையும் தொறந்தபடி நிறுத்திடும். கரி கொட்டலன்னா வால்வு மட்டும் போதும்.

கேனிஸ்டர் கெடுறதுக்கு முக்கியக் காரணம் பங்க்ல நாம சொல்ற "ரவுண்டா போடுங்க". நாசில் ஆட்டோ கட் ஆனப்புறம் அமுக்கி அமுக்கி ஊத்துனா ஆவி போற வழில பெட்ரோலே எறங்கி கரி ஊறிப்போகும். கட் ஆனா நிறுத்திடுங்க, பில்லு 1,963 ரூபாயா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

அதே மாதிரி, "ஹோஸ அடைச்சுட்டு எரர் கோட அழிச்சுத் தர்றேன்"னு வர்றவங்ககிட்ட வண்டியக் குடுக்காதீங்க. கொஞ்ச நாள்ல லைட் திரும்ப எரியும், அதுக்குள்ள அவர் காசு வாங்கிட்டுப் போயிருப்பாரு. பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கற இடத்துல சைலன்சர் புகைய மட்டும்தான் அளக்குறாங்க, டேங்க்லேர்ந்து போற ஆவிய யாரும் பாக்கறதில்ல. பிஎஸ்6னு மாசுக் கட்டுப்பாட்டு விதி சொல்லி இவ்வளவு பார்ட்ஸ் மாட்ட வெச்சுட்டு செக் பண்ண ஆள் இல்லன்னா என்ன அர்த்தம்?

வாரன்டி இருந்தா வெளில கை வைக்க விடாதீங்க, அங்கயே இந்த டெஸ்ட்டப் பண்ணச் சொல்லி ரிசல்ட்ட ஜாப் கார்டுல எழுதி வாங்கிட்டு அப்புறம் எஸ்டிமேட்ல கையெழுத்துப் போடுங்க.