செஃபலுவில் அம்மாவோடு எங்கே தங்குவது?

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள செஃபலுவில், கார் இல்லாமல், முழங்கால் வலி உள்ள அம்மாவோடு 4 நாள், பழைய ஊருக்குள்ளா கடற்கரைச் சாலையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், கடற்கரைச் சாலையான லுங்கோமாரே ஜார்தினா பக்கம் அறை எடுங்கள். மணல் கடற்கரையை ஒட்டிய சமதளச் சாலை அது, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம், சாயங்காலம் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

பழைய ஊர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பல வீடுகள் பழைய கட்டடங்களின் மாடியில் இருக்கின்றன, குறுகலான செங்குத்துப் படிகள், லிஃப்ட் அபூர்வம், தெருக்கல்லோ தேய்ந்து வழுவழுவென்று மழை பெய்தால் வழுக்கும். நான் அப்படி ஒரு மூன்றாம் மாடி அறையை எடுத்துவிட்டேன், என் அம்மா ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற பயந்து மதியம் முழுவதும் வெளியிலேயே உட்கார்ந்திருந்தார், அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கும். எங்கே எடுத்தாலும் முன்பதிவுக்கு முன் 'அஷென்சோரே' (லிஃப்ட்) இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்கு வெளியே, கிழக்கே உள்ள கல்துரா பக்கம் ஹோட்டல் படங்கள் ஆசை காட்டும். கார் இல்லாதவர்களுக்கு அது வேண்டாம், ஊருக்கு வர மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டும்.

1131-ல் கட்டத் தொடங்கிய தேவாலயம் கடற்கரையிலிருந்து மெதுவாக நடக்கும் தூரம்தான், காலையிலேயே கூட்டிப் போங்கள். ஊருக்கு மேலே நிற்கும் லா ரோக்கா பாறையில் ஏறுவதை மட்டும், அம்மா இல்லாமல் நீங்கள் தனியாகப் போக வைத்துக்கொள்ளுங்கள்.