படுக்கையறையை எடுத்துவிட்டால்

கேள்வி: இத்தாலிய எழுத்தாளர் ஆல்பர்த்தோ மொராவியாவின் நாவல்கள் நான்கைந்தைப் படித்துவிட்டேன். எதைத் திறந்தாலும் படுக்கையறைதான். அதை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும்? இப்படிப்பட்டவரைப் பெரிய எழுத்தாளர் என்று உங்கள் இதழ் கொண்டாடுவது ஏன்?

பதில்: எதுவும் மிஞ்சாது. அந்த அளவில் உங்கள் கணக்கு சரிதான். ஆனால் படுக்கையறையோடு சேர்ந்து வீட்டின் அடமானப் பத்திரமும், அரசியல் போலீஸாரின் அலுவலகமும், பணப்பெட்டியும் அவர் நாவல்களிலிருந்து வெளியேறிவிடும் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை.

1929இல், இருபத்தோரு வயதில், தம் குடும்பத்துப் பணத்தைக் கொடுத்து அச்சிட்ட ‘அக்கறையற்றவர்கள்’ நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். நொடித்துப்போன ஓர் உரோமைக் குடும்பத்தின் தாயோடு பல காலமாக உறவு வைத்திருக்கும் லியோ, அவளுடைய மகள் கார்லாவை அடைய நினைக்கிறான். அதே வேளையில் அவர்களுடைய மாளிகையும் அடமானத்தின் வழியாக அவன் கைக்குள் வந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே பசி என்பதை மொராவியா எங்கும் விளக்குவதில்லை. அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போகிறார். கார்லாவின் சகோதரன் மிக்கேலே கடைசியில் லியோவைச் சுடப் போகிறான். துப்பாக்கியில் குண்டு போட மறந்துவிடுகிறான். முசோலினி ஆட்சிக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்த நாட்டில், கோபம்கூட முழுதாக வராத ஒரு வர்க்கத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டியவர் யார்?

‘ரோமாபுரிப் பெண்’ 1947இல் வந்தது. அதில் அரசியல் போலீஸ் அதிகாரியான அஸ்தாரித்தாவுக்கு ஊரே நடுங்குகிறது. அவனோ பாலியல் தொழில் செய்யும் அத்ரியானாவின் முன்னால் இரந்து நிற்கிறான். அவளை நேசிக்கும் மாணவன் மினோ சர்வாதிகாரத்தை எதிர்ப்பவன். ஆனால் அடியோ உதையோ படாமலே, விசாரணையில் தோழர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டு, அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் உயிரை விடுகிறான். படுக்கையில் தோற்பவன் அலுவலகத்தில் ஆள்கிறான், கொள்கையில் நிமிர்ந்தவன் நாற்காலியில் உட்காரவைத்ததும் உடைகிறான். இவ்விருவரையும் ஒருசேரப் பார்க்கக்கூடிய இடம் அத்ரியானாவின் அறை ஒன்றுதான்.

நான் அவருடைய உச்சமாகக் கருதுவது 1960இல் வெளியான ‘சலிப்பு’. ஓவியம் வரைவதைக் கைவிட்ட செல்வந்தர் வீட்டுப் பிள்ளை தினோ, செச்சிலியா என்ற இளம்பெண்ணோடு பழகுகிறான். ஒருத்தியை முழுமையாக உடைமையாக்கிக்கொண்டால் அவள்மீது சலிப்பு வந்துவிடும், பிறகு எளிதாக விலகிவிடலாம் என்பது அவன் கணக்கு. அவளோ எதைக் கேட்டாலும் ஓரிரு சொற்களில் பதில் சொல்லுகிறாள். உடலை மறுப்பதில்லை, தன்னை மட்டும் கொடுப்பதில்லை. சந்தேகம் முற்றியதும் பணம் கொடுத்துப் பார்க்கிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள், வேறொருவனையும் சந்திக்கிறாள். கடைசியில் தன் தாயின் அறையில், தாயின் பணத்தை எடுத்து, செச்சிலியாவின் வெற்றுடம்பை நோட்டுகளால் மூடுகிறான். அந்த இன்னொருவனோடு பொன்ஸா தீவுக்குப் போகாதே என்பதுதான் கோரிக்கை. அவள் போய்விடுகிறாள். இந்தக் காட்சியைப் படித்துக் கிளர்ச்சியடைய ஒருவரால் முடியுமானால் அவருடைய பொறுமையை நான் வியக்கிறேன். பணத்தால் வாங்க முடியாத ஒன்றின் முன்னால் பணக்காரன் திகைத்து நிற்கும் காட்சி அது.

ஒன்பது வயதில் எலும்புக் காசநோய் கண்டு, சிறுவயதின் பல ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தவர் மொராவியா. உடல் என்பது மனிதனுக்குக் கட்டுப்படாத பொருள் என்று புத்தகம் படித்து அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

உங்கள் கேள்வியைக் கத்தோலிக்கத் திருச்சபை முன்பே கேட்டுவிட்டது. 1952இல் அவருடைய நூல்கள் அனைத்தையும் தடைநூல் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு அவருக்கு இத்தாலியின் புகழ்பெற்ற இலக்கியப் பரிசான ஸ்திரேகாவும் கிடைத்தது. சர்வாதிகாரி முசோலினியின் ஆட்களோ 1941இல், ஒரு கொடுங்கோலனைக் கேலி செய்யும் ‘முகமூடி விருந்து’ நாவலின் மறுபதிப்பைப் பறிமுதல் செய்தார்கள். எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதில் அவர்கள் கூர்மையான வாசகர்கள்.

அவரிடம் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்குறியோடு நாயகன் வாதாடும் ‘நானும் அவனும்’ (1971) பாதியிலேயே களைத்துப்போன ஒரு வேடிக்கை. அத்ரியானா தன் கதையைத் தானே சொன்னாலும், தனக்கு நேர்ந்த எல்லாவற்றையும் அவள் ஏற்றுக்கொள்ளும் அமைதியில் ஓர் ஆணின் விருப்பம் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. செச்சிலியாவின் மௌனத்தைத் தினோ வெறுமை என்று எடுத்துக்கொள்கிறான். நாவல் முழுவதும் அவன் கண்களால் பார்ப்பதால் அந்தத் தீர்ப்பைத் திருத்த ஆளில்லை. பொன்ஸாவில் அவள் என்ன நினைத்தாள் என்பதை எழுத மொராவியா முயலவே இல்லை. உங்கள் குற்றச்சாட்டு இதுவாக இருந்திருந்தால் பாதிக்கு மேல் உடன்பட்டிருப்பேன்.