பக்கக்காற்றில் மேலெழுதல்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தனி விமானி உரிமத்துக்காகப் பயின்று வருகிறேன். பலத்த பக்கக்காற்றில் சிறு விமானங்கள் புறப்படும்போது நேர்ந்த விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால், பல அறிக்கைகள் 'விமானி திசைக் கட்டுப்பாட்டை இழந்தார்' என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. நான் ஓட்டும் செஸ்னா 172-இன் கையேடு பக்கக்காற்றுக்கு 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.) என்கிறது. அதற்குள் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று கொள்ளலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிக் கொள்ளக் கூடாது. சோதனைப் பறப்பில் சமாளித்துக் காட்டப்பட்ட பக்கக்காற்றின் அளவே அந்த 15 நாட். அது உங்கள் கைத்திறனுக்கு யாரும் தந்த உறுதிமொழி அன்று. மேலும், காற்று ஒரே எண்ணில் நிற்பதில்லை. ஓடுபாதைக்கு 60 டிகிரி கோணத்தில் 14 நாட் காற்று, வீச்சு (திடீரென வலுத்து அடங்கும் காற்று) 24 நாட் வரை என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னால், சராசரிக் காற்றின் பக்கக்கூறு, அதாவது விமானத்தைக் குறுக்கே தள்ளும் பங்கு, சுமார் 12 நாட்தான். வீச்சின் பக்கக்கூறோ 21 நாட்டை நெருங்கும். முதல் எண்ணை நம்பிப் புறப்பட்டவர் இரண்டாவது எண்ணைப் பாதி ஓட்டத்தில் எதிர்கொள்கிறார்.

அறிக்கையின் அந்த ஒரு வரிக்குள் இருப்பது இந்தப் பாதி ஓட்டம்தான். காற்று வரும் பக்கம் அய்லரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடலை) முழுவதும் திருப்பி வைத்து ஓட்டத்தைத் தொடங்குகிறோம். வேகம் கூடக்கூட அதன் வலு ஏறுவதால் சிறுகச் சிறுகத் தளர்த்துகிறோம். கவனமெல்லாம் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கானை) மிதிக்கும் கால்களுக்குப் போய்விட்டால், கை தன்னையறியாமல் அய்லரானை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு வீச்சு வந்தால், காற்றுப்பக்க இறக்கை தூக்கிக்கொள்ளும், எடை மறுபக்கச் சக்கரத்தில் சாயும், வாலின் நிமிர்ந்த பரப்பைக் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றின் பக்கமே திரும்பும். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுற்றும் சுழலி (ப்ரொபெல்லர்) கொண்ட விமானங்களில், முழு விசையில் மூக்கு ஏற்கெனவே இடப்புறம் இழுபடுவதால், இடப்பக்கக் காற்று கூடுதல் தொல்லை தரும். ஓடுபாதையோரக் கொட்டகைகளின் மறைவிலிருந்து விமானம் திடீரென வெளிப்படும் இடமும் அப்படித்தான்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. பறப்பதற்குப் போதிய வேகம் வருமுன்பே வீச்சு விமானத்தைத் தூக்கிவிடுகிறது. அடுத்த நொடி காற்று தணிய, அது பக்கவாட்டில் நகர்ந்தபடியே கீழிறங்கி, நேராக உருள்வதற்கென அமைந்த சக்கரங்களைக் குறுக்காகத் தரையில் தேய்க்கிறது. பதறிப்போய் மூக்கை உயர்த்துபவர் தரையருகிலேயே ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையில்) சிக்கக்கூடும். ஆகவே, வழக்கத்தைவிடச் சில நாட் கூடும்வரை சக்கரங்களைத் தரையிலேயே வைத்திருந்து, தயக்கமின்றி ஒரே இழுப்பில் எழுப்பி, எழுந்தபின் மூக்கைக் காற்றின் பக்கம் சற்றுத் திருப்பி, இறக்கைகளைச் சமப்படுத்த வேண்டும்.

அறிக்கைகள் பொய் சொல்வதில்லை. கடைசிக் கணத்தை மட்டும் சொல்கின்றன என்பதே என் குறை. வானிலிருக்கும் விமானம் எங்காவது இறங்கியே ஆக வேண்டும், தரையிலிருப்பது காத்திருக்கலாம். ஓட்டம் தொடங்கிய பிறகும் விடுபட வழியுண்டு: ரடரை முழுவதும் மிதித்தும் விமானம் நடுக்கோட்டுக்குத் திரும்பவில்லையென்றால், 'இன்னும் கொஞ்சம் வேகம் வந்தால் சரியாகிவிடும்' என்று எண்ணாமல் உடனே த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடிவிடுங்கள். அதை எந்த இடத்துக்குள் செய்ய வேண்டும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கணக்கில் எப்போதும் வீச்சின் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.